புது வீட்டுக்குத் தண்ணீர்ப் பைப்பு: எந்த இடத்துக்கு எது, என்ன செலவு, எப்போது போடுவது

பால் காய்ச்சிக் குடிவந்த ஐந்தாம் மாதம், மார்கழியில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரிந்தது. பூச்சுவேலையில் ஏதோ கோளாறு என்று நினைத்தோம். ஒரே வாரத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்துவிட்டது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால், கீசரிலிருந்து ஷவருக்குப் போகும் சுடுதண்ணீர் லைனில் இருந்தது வெறும் யுபிவிசி பைப்பு, அதாவது குளிர்தண்ணீருக்கான பிளாஸ்டிக் பைப்பு. சூட்டில் இளகித் தொய்ந்து, எல்போ (வளைவு இணைப்பு) பக்கம் விட்டிருந்தது. வேலை நடந்தபோதே நான் அதைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். "யக்கா, எல்லாம் ஒரே பிளாஸ்டிக்குதான், கலர்தான் வேற" என்றார் பிளம்பர். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு லைனால் 11 நாளும் 19,000 ரூபாயும் போயின. அதே ஷேடில் டைல்ஸ் கிடைக்காததால் ஒரு சுவர் முழுவதையும் மாற்றியது தனிச் செலவு.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் பாளையங்கோட்டை பக்கம் நாங்கள் கட்டிய வீட்டை நான்தான் பள்ளிக்கூட வேலைக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டேன். செங்கலும் சிமென்ட்டும் பற்றி நூறு பேரிடம் கேட்டேன். பைப்பு பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. உடைத்துப் போட்ட பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் இன்னும் பூச்சுவேலைக்கு வரவில்லை என்றால் சரியான நேரத்தில்தான் இதைப் படிக்கிறீர்கள்.

1. முதலில் உங்கள் தண்ணீர் எது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. நம் பகுதியில் பத்து கிலோமீட்டருக்குள் தண்ணீர் மாறிவிடும். தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கிணற்றுத் தண்ணீரைச் சிலர் அப்படியே குடிக்கிறார்கள். ராதாபுரம், திசையன்விளை, உவரி பக்கம் போனால் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாத இடங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பைப்பையே நீங்களும் போடுவது அங்கெல்லாம் சரிவராமல் போகலாம். அவர் போர் எத்தனை அடி, உங்களுடையது எத்தனை அடி என்பதிலேயே உப்பு மாறும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான 2 லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி, நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எவ்வளவு முன்னால் கொடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. முடிவு கைக்கு வந்த பிறகு பைப்பு வாங்கப் போனால் போதும்.

முடிவுத்தாளில் நான்கு எண்களைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. குளோரைடுக்கு 250, 1,000. காரகாடித்தன்மை (பிஹெச்) 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும்.

இதைப் பைப்புக் கணக்கில் இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். குளோரைடு கூடினால் ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு) சீக்கிரம் துருப்பிடிக்கும். மறை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். கடினத்தன்மை கூடினால் சுடுதண்ணீர் லைனிலும் கீசருக்குள்ளும் சுண்ணாம்பு படியும். அது எந்தப் பைப்பு போட்டாலும் வரும். அதனால் அந்த இடங்களில் கழற்றிச் சுத்தம் செய்ய யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைக்க வேண்டும், லைனை ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும்.

2. வீட்டின் லைன்களைத் தாளில் வரையுங்கள்

கொத்தனார் வைத்திருக்கும் பிளானை ஜெராக்ஸ் எடுத்து அதன் மேல் கலர் பேனாவால் கோடு போட்டால் போதும். எஞ்சினியர் தேவையில்லை. எங்கள் வீட்டில் ஆறு லைன் வந்தது: தெருவிலிருந்து சம்ப்புக்கு (தரையடித் தொட்டி), போரிலிருந்து மேல்டேங்குக்கு, சம்ப்பிலிருந்து மேல்டேங்குக்கு, டேங்கிலிருந்து கீழே இறங்கும் குளிர்தண்ணீர், சுடுதண்ணீர், அடுக்களைக்கு நல்ல தண்ணீர்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இந்தக் கடைசி லைனை விட்டுவிடாதீர்கள். மாடியில் சின்ன டேங்க் ஒன்று தனியாக வைத்து, ஆற்றுத் தண்ணீரை அதில் ஏற்றி, அடுக்களைக்கு மட்டும் தனி லைன் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு போட நினைத்தால் சுவரை உடைக்க வேண்டிவரும். இரண்டு லைனையும் எந்த இடத்திலும் ஒரு வால்வ் வைத்து இணைக்கக் கூடாது. "தண்ணி இல்லாத நாளைக்கு உதவும்" என்று பிளம்பர் சொல்வார். வால்வ் கசிந்தால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரில் கலந்துவிடும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

3. ஒவ்வொரு லைனுக்கும் பைப்பை முடிவுசெய்யுங்கள்

ஒரே பைப்பை வீடு முழுவதும் போட வேண்டியதில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: தண்ணீர் சூடாக இருக்குமா, பைப்பு வெயிலில் இருக்குமா, சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ புதையுமா.

சுடுதண்ணீர் லைன். இங்கே சிபிவிசி, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பு. மங்கலான மஞ்சள் வெள்ளை நிறத்தில் இருக்கும். இதற்கான தரம் ஐ.எஸ். 15778. அதிகபட்சம் 93 டிகிரி வரை தாங்கும். எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என இரண்டு வகை கிடைக்கும். வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வருவதுதான் எஸ்டிஆர், அதனால் எண் சிறியதாக இருந்தால் பைப்பு தடிமன். முக்கால் இஞ்ச் பைப்பில் எஸ்டிஆர் 11-க்கு 2 மில்லிமீட்டர், 13.5-க்கு 1.7. எஸ்டிஆர் 11 பைப்பு 82 டிகிரிச் சூட்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அளவு அழுத்தம் தாங்கும். சுவருக்குள் புதையும் லைனுக்கு 11 போடுங்கள். விலை வித்தியாசம் மொத்த பில்லில் பெரிதாகத் தெரியவில்லை.

யுபிவிசி ஏன் கூடாது? கீசரில் தண்ணீர் 60 முதல் 75 டிகிரி வரை போகும். யுபிவிசியின் தாங்குதிறன் 43 டிகிரியிலேயே பாதியாகிவிடும், 60 டிகிரியில் கால்பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எங்கள் சுவருக்குள் நடந்தது அதுதான்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கீசருக்குள் போகும் குளிர்தண்ணீர் லைன், பெயர்தான் குளிர். கீசர் சூடேறும்போது வெந்நீர் பின்னால் தள்ளும். அந்த லைனின் கடைசி ஒன்றிரண்டு மீட்டரும் சிபிவிசியாக இருக்கட்டும். எங்கள் இரண்டாம் சுற்றில் குளியலறைக்குள் எல்லா லைனையும் சிபிவிசியாகவே போட்டுவிட்டோம். கூடுதலாக ஆனது கொஞ்சம்தான், குழப்பம் இல்லாமல் போனது.

சோலார் ஹீட்டர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கண்ணாடிக் குழாய் வகை ஹீட்டரில், சித்திரை மாதத்தில் ஒருநாள் வெந்நீரைப் பயன்படுத்தாமல் விட்டால் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். அது சிபிவிசியின் எல்லையைத் தாண்டியது. ஹீட்டரிலிருந்து வெளியே வரும் முதல் சில மீட்டருக்கு ஜிஐ போட்டு, மேலே உறை சுற்றிவிட்டு, அதற்கப்புறம் சிபிவிசிக்கு மாறுங்கள்.

குளிர்தண்ணீர் லைன். யுபிவிசி தாராளமாகப் போடலாம். உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, துருவும் பிடிக்காது. பிளம்பிங் யுபிவிசியில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று வரும். இங்கே எண் பெரிதானால் தடிமன், எஸ்டிஆருக்கு நேர் எதிர். மேலிருந்து இறங்கும் லைனுக்கு 40 போதும். மோட்டாரிலிருந்து மேலே ஏறும் லைனுக்கு, மோட்டார் நிற்கும்போது தண்ணீர் திரும்பி அடிக்கும் என்பதால், 80 போட்டோம். தோட்டத்துக்கு வாங்கும் சாம்பல் நிறப் பைப்பை வீட்டுக்குள் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது விவசாயத்துக்கானது. வீட்டு லைனுக்கு ஈயம் சேர்க்காதது என்று பைப்பிலேயே அச்சிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் ஓடும் பைப்பு என்பதால் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிபிஆர். இதுவும் ஒரு பிளாஸ்டிக் பைப்புதான், ஐ.எஸ். 15801. மற்றவற்றைப் போல இதைச் சொல்யூஷன் (பைப்பு ஒட்டும் பசை) வைத்து ஒட்ட முடியாது. மெஷினில் 260 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கி இணைப்பார்கள். இணைப்பு சரியாக விழுந்தால் பைப்பும் ஃபிட்டிங்கும் (எல்போ போன்ற இணைப்புத் துண்டு) ஒன்றாகவே ஆகிவிடும். சுடுதண்ணீருக்கும் ஆகும். ஆனால் சூட்டில் நீளுவது சிபிவிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல். மெஷினும் பழகிய கையும் உள்ள பிளம்பர் உங்களுக்குக் கிடைத்தால், அவர் முன்பு செய்த வீட்டைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். நாளைக்கு ஒரு கசிவு வந்தால் பழுதுபார்க்கவும் அதே மெஷின் வேண்டும் என்பதை நினைத்துத்தான் நான் இதை விட்டேன்.

ஜிஐ. நம் அப்பா காலத்து வீடுகளில் எல்லாம் இதுதான். இப்போது வீட்டுக்குள் இதைப் போட வேண்டாம். அடி படும் இடங்களில், வாசலில் காரும் மாடும் இடிக்கும் தோட்டக் குழாய்க்கு, சோலாரின் முதல் நீளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பைப்பின் மேல் வளையமாகப் பூசியிருக்கும் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள் லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. மஞ்சளை வாங்காதீர்கள். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே வெளியிலிருந்து அரித்துவிடும் என்பதால் அங்கே கிளாம்புகூடப் பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது.

மண்ணுக்குள் போகும் லைன். சுருளாக வரும் கறுப்பு ஹெச்டிபிஈ பிளாஸ்டிக் பைப்பு, ஐ.எஸ். 4984. நடுவில் இணைப்பே இல்லாமல் நீளமாகப் போடலாம், வளையும். கரிசல் மண் உள்ள ஊர்களில் கோடையில் நிலம் பிளந்து மழையில் உப்பும்போது விறைப்பான பைப்பு இணைப்பில் விட்டுவிடும், இது விடாது. வண்டி ஏறி இறங்கும் இடத்தில் இரண்டு அடி ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து, மேலும் கீழும் கல் இல்லாத மணல் போடச் சொல்லுங்கள். தேரி (செம்மணல் மேடு) ஊர்க்காரர்களுக்கு மணல் தேடும் கவலை இல்லை.

சம்ப்பு பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பக்கம் வீடுகளுக்குள்ளேயே ஆற்றுத் தண்ணீர் வந்தது. தாழ்வான இடமாக இருந்தால் சம்ப்பின் வாயைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள், பைப்பு உள்ளே நுழையும் ஓட்டையைச் சுற்றி நன்றாக அடைக்கச் சொல்லுங்கள்.

4. சைஸ்: பெரும்பாலான தொந்தரவு இங்கேதான்

மேல்டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். டேங்கின் அடியிலிருந்து ஷவர் ஒன்றரை மீட்டர் கீழே இருந்தால் 0.15 கிலோ. எந்தப் பைப்பும் இதைத் தாங்கும். தண்ணீர் ஒழுங்காக வருமா என்பதுதான் பிரச்சினை. நீளமான லைனில் அரை இஞ்ச் பைப்பு போட்டால் அந்தச் சின்ன அழுத்தமும் உரசலிலேயே போய்விடும்.

டேங்கிலிருந்து இறங்கும் முக்கிய லைன் ஒண்ணேகால் இஞ்ச். குளியலறைக்குள் நுழையும் வரை ஒரு இஞ்ச். உள்ளே முக்கால். குழாய்க்கு முந்தைய கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்ச். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி லைன் இறக்குங்கள். ஒரே லைன் என்றால் கீழே குழாயைத் திறந்ததும் மேலே ஷவர் நின்றுவிடும். டேங்கை ஐந்தடி மேடையில் ஏற்றி வைத்தால் பிரஷர் பம்ப்பு வாங்கும் செலவு பலருக்கு மிச்சமாகும். இறங்கும் லைனின் தலைப்பில் காற்றுப் பைப்பு ஒன்று, டேங்க்கைவிட உயரமாக, கட்டாயம் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிபிவிசி முக்கால் இஞ்ச்சும் யுபிவிசி முக்கால் இஞ்ச்சும் ஒரே அளவு கிடையாது. சிபிவிசியின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், யுபிவிசி ஷெட்யூல் பைப்பின் வெளிவிட்டம் 26.7. ஒன்றை மற்றொன்றுக்குள் திணித்துச் சொல்யூஷன் பூசி ஒட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். யுபிவிசியிலிருந்து சிபிவிசிக்கு மாறும் இடத்தில் பித்தளை மறை உள்ள ஃபிட்டிங் இரண்டு வைத்து, டெஃப்லான் டேப் சுற்றித் திருக வேண்டும்.

5. பைப்பின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள்

லோடு வந்து இறங்கும்போது வீட்டில் இருங்கள். ஒவ்வொரு பைப்பிலும் ஐஎஸ்ஐ முத்திரை, ஐ.எஸ். எண், சைஸ், எஸ்டிஆர் அல்லது ஷெட்யூல், தயாரித்த தேதி அல்லது பேட்ச் எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. கழிவுநீர்ப் பைப்பில் ஐ.எஸ். 13592 என்று இருக்கும். அது வடிகாலுக்கு மட்டும், அழுத்தம் உள்ள லைனுக்கு ஆகாது.

வெயிலில் கிடந்து வெளிறிப்போன பைப்பைத் திருப்பி அனுப்புங்கள். பைப்பு ஒரு கம்பெனி, ஃபிட்டிங் இன்னொரு கம்பெனி என்று கலக்க விடாதீர்கள். கசிவு வந்தால் இரண்டு கம்பெனியும் மற்றதைக் காட்டும்.

சொல்யூஷன் டப்பாவின் தேதியையும் பாருங்கள். சிபிவிசிக்கும் யுபிவிசிக்கும் தனித்தனிச் சொல்யூஷன். டப்பாவுக்குள் ஜெல்லி மாதிரி கட்டியாகியிருந்தால் எவ்வளவு விலையானாலும் தூக்கிப் போடுங்கள். தின்னர் ஊற்றிக் கலக்கிப் பயன்படுத்த விடாதீர்கள்.

6. கொட்டேஷனும் பில்லும்

பிளம்பரிடம் லிஸ்ட் எழுதி வாங்கி, திருநெல்வேலி டவுணிலும் ஜங்ஷனிலும் மூன்று கடையில் கொடுங்கள். ஒரே லிஸ்ட்டுக்கு எனக்கு 6,000 ரூபாய் வித்தியாசம் வந்தது. எல்லாக் கடையிலும் அச்சிட்ட விலையில் தள்ளுபடி சொல்வார்கள். அந்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, "அண்ணாச்சி, 18 சதவீத ஜிஎஸ்டி, இறக்குகூலி எல்லாம் சேத்துக் கடைசியா எவ்வளவு போடுவீய?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

2024-இல், இரண்டு குளியலறை, ஓர் அடுக்களை உள்ள 1,150 சதுரஅடி வீட்டுக்கு எங்களுக்கு ஆன கணக்கு இது: பைப்பு 14,000 ரூபாய், ஃபிட்டிங் 22,000, வால்வ், கிளாம்பு, சொல்யூஷன் 5,000. டேங்கும் குழாய்களும் இதில் இல்லை. பிளம்பர் கூலி 28,000. பைப்பைவிட ஃபிட்டிங்குக்கு அதிகம் ஆகிறது என்பது எனக்கு அப்போது புதிதாக இருந்தது. எல்போவைக் குறைத்து நேராக லைன் இழுத்தால் செலவும் குறையும், கசிவுக்கான இடமும் குறையும், தண்ணீரும் வேகமாக வரும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். சுவருக்குள் போவதற்கு முதல் லோடு, மாடிக்கு இரண்டாம் லோடு. மிச்சமாகும் ஃபிட்டிங்கைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துண்டுச்சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி பில்தான் வேண்டும். உத்தரவாதம் கேட்கவும் வீட்டுக்கடன் தவணை வாங்கவும் அதுதான் உதவும்.

7. பிளம்பரோடு பேசி எழுதிக்கொள்வது

ஒரு பக்கத் தாள் போதும். எந்த லைனுக்கு எந்தப் பைப்பு, என்ன சைஸ், கூலி எவ்வளவு, டெஸ்ட்டிங்குக்குப் பிறகு எவ்வளவு கொடுப்பது, ஆறு மாதத்துக்குள் கசிந்தால் யார் பொறுப்பு. முதல் பிளம்பரிடம் எதையும் எழுதிக்கொள்ளாததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. இரண்டாவதாக வந்த தம்பியிடம் கூலியில் கால் பங்கைப் பிரஷர் டெஸ்ட் முடிந்த பிறகு என்று நிறுத்திவைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்படித்தான்க்கா எழுதணும்" என்றார்.

8. சுவருக்குள் போகும் நாட்கள்

செங்கல் கட்டி, கூரை போட்டு, பூச்சு தொடங்கும் முன் உள்ள இடைவெளிதான் இதற்கான நேரம். எங்களுக்குக் காடி (பைப்பு புதைக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்ட இரண்டு நாள், பைப்பு போட நான்கு நாள், டெஸ்ட்டிங் ஒரு நாள். பூச்சுக்காரர்களை அதற்கடுத்த நாளுக்கு வரச் சொல்லாதீர்கள். நடுவே இரண்டு நாள் விட்டுவையுங்கள்.

ஒட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பைப்பை நேராக அறுக்க வேண்டும், பிசிறைச் சுரண்ட வேண்டும், துணியால் ஈரமும் மண்ணும் போகத் துடைக்க வேண்டும். பைப்பிலும் ஃபிட்டிங்குக்கு உள்ளேயும் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருகியபடி உள்ளே தள்ளி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் பைப்பு தானாக வெளியே நகரும். ஆனி, ஆடிக் காற்றில் சொல்யூஷன் தடவிய கையோடு காய்ந்துவிடுகிறது, மண்ணும் வந்து ஒட்டுகிறது. வள்ளியூர், ராதாபுரம் பக்கக் காற்றில் கேட்கவே வேண்டாம். காலை நேரத்தில், சாக்கு கட்டி மறைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

சிபிவிசிக்கு ஆகாத சில பொருள்கள் உண்டு. எண்ணெய், கிரீஸ், எண்ணெய் கலந்த பெயின்ட், மறையில் சுற்றும் சணலோடு பூசும் பசை, கரையான் மருந்து. இவை படும் இடத்தில் நாளடைவில் மயிர்க்கோடு போல விரிசல் விடும். நம் ஊரில் கரையான் மருந்து அடிக்காத வீடு அபூர்வம். மருந்து அடிக்கும் நாளில் பைப்பை மூடிவையுங்கள், நேராக அதன் மேல் அடிக்க விடாதீர்கள்.

சுடுதண்ணீர் லைன் நீளும் என்பதற்கும் இடம் விட வேண்டும். 5 மீட்டர் சிபிவிசி, 30 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். வளைவுகளில் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால் எல்போவில்தான் அந்த இழுப்பு போய் நிற்கும். பைப்பைச் சுற்றி உறை போட்டுவிட்டு, அப்புறம் காடியை மூடச் சொல்லுங்கள்.

பிரஷர் டெஸ்ட் இல்லாமல் பூச விடவே விடாதீர்கள். கடைசி இணைப்பு ஒட்டி 24 மணி நேரம் கழித்து, எல்லா வாயிலும் டம்மி (மூடி) போட்டு, லைனில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். வேலை செய்யும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். நாங்கள் 6 கிலோ வைத்து இரண்டு மணி நேரம் விட்டோம். முள் இறங்கக் கூடாது. கம்ப்ரசர் காற்றை வைத்து டெஸ்ட் செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைப்பு காற்றழுத்தத்தில் உடைந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

பிறகு போட்டோ. ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி எடுங்கள். மெயிலிலும் ஒரு பிரதி போட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து டவல் கம்பிக்குத் துளை போடும்போது தேடுவீர்கள்.

9. மொட்டைமாடி

வெயில் இரண்டு பைப்பையும் கெடுக்கும். சிபிவிசியும் யுபிவிசியும் சில வருடத்தில் வெளிறி, தட்டினால் நொறுங்கும் நிலைக்கு வரும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். எனாமல் பெயின்ட் கூடாது, மேலே சொன்ன காரணம்தான். மூன்றடிக்கு ஒரு கிளாம்பு, அதையும் பைப்பு நகரும்படி கொஞ்சம் தளர்வாக. தளத்தில் பைப்பைக் கிடத்தாமல் செங்கல் மேல் தூக்கி வைத்தால் மழைத்தண்ணீரும் தேங்காது, பாசியும் பிடிக்காது.

10. குடிநீர் இணைப்பு

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் சொத்துவரி எண் கிடைத்த பிறகுதான் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியும், அதனால் சொத்துவரி வேலையை முதலில் முடியுங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்திர நகல், வரி ரசீது, கட்டட அனுமதி, ஆதார் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை வீடா, கடையா என்பதைப் பொறுத்து மாறும். ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும். தெரு லைனிலிருந்து உங்கள் எல்லை வரை என்ன பைப்பு என்பதை அவர்கள்தான் சொல்வார்கள், அதற்கு முன் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அந்த லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம். உடைந்த இடம் இருந்தால் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். சம்ப்பில் விழவிட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

11. குடிவரும் முன்

குழாய் முனையில் உள்ள சல்லடைகளைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மணலும் பைப்புச் சீவலும் சொல்யூஷன் வாசனையும் போகும். டேங்கைக் கழுவி மறுபடி நிரப்புங்கள். கீசரைப் போடும் முன் அதன் வழியாகவும் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். முதல் வாரம் கீசரை 50 டிகிரியில் வைத்து, சுடுதண்ணீர்க் குழாய் உள்ள சுவரின் மறுபக்கத்தைத் தினமும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பெயின்ட் உப்பும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.